மறதியை முதுமையின் இயல்பென்று ஒதுக்கிவிடலாமா?

“வயது போனால் மறதி வரத்தானே செய்யும்” என்ற கூற்றை எமது இல்லங்களில் அடிக்கடி கேட்கலாம். முதியவர் ஒருவர் கேட்ட கேள்வியையே மீண்டும் மீண்டும் கேட்கும்போதும், காலையில் உட்கொண்ட மருந்தை மறந்து இரண்டாம் முறையும் உட்கொள்ளும்போதும், நாற்பது ஆண்டுகள் நடந்து பழகிய வீதியில் வழி தெரியாது நிற்கும்போதும் குடும்பத்தினர் இக்கூற்றைச் சொல்லியே தம்மைத் தேற்றிக்கொள்கின்றனர். அன்பினாலும் மரியாதையினாலும் சொல்லப்படுகின்ற இக்கூற்று, பல சந்தர்ப்பங்களில் அம்முதியவர் உரிய வேளையில் வைத்திய உதவி பெறுவதற்குத் தடையாகிவிடுகின்றது. மகனோ மகளோ அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் நாளில் நோய் நடுக்கட்டத்தை அடைந்திருக்கும். தமது வாழ்க்கை குறித்துத் தாமே முடிவெடுக்கக்கூடிய காலமும் அவருக்குக் கடந்து போயிருக்கும்.

அல்சைமர் நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே, “குணப்படுத்த முடியாத நோயை முன்கூட்டியே அறிந்து ஆகப்போவது என்ன?” என்ற கேள்வி பலரிடத்திலும் எழுகின்றது. இது நியாயமான கேள்வியே. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெருகிவரும் எண்ணிக்கை

ஞாபக சக்தி, சிந்தனை, மொழி, முடிவெடுக்கும் ஆற்றல் ஆகியன படிப்படியாகக் குன்றி, அன்றாட அலுவல்களைத் தாமே செய்துகொள்ள முடியாத நிலைக்கு ஒருவர் தள்ளப்படுவதை வைத்தியத்துறையினர் டிமென்ஷியா என அழைக்கின்றனர். இது ஒரு தனி நோயின் பெயரன்று; பல நோய்களால் ஏற்படக்கூடிய ஒரு நிலையாகும். டிமென்ஷியாவுக்குள்ளானவர்களில் 60 முதல் 70 வீதமானோருக்கு அல்சைமர் நோயே காரணமாக அமைகின்றது. மூளைக்கான குருதி ஓட்டம் பாதிக்கப்படுவதால் ஏற்படும் டிமென்ஷியா அதற்கு அடுத்த நிலையில் உள்ளது. இரண்டும் ஒருவரிடத்தில் ஒருங்கே காணப்படுவதும் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 5 கோடியே 70 இலட்சம் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்ந்தனர். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் புதிதாக இந்நிலைக்கு உள்ளாகின்றனர். இவர்களில் 60 வீதத்துக்கும் அதிகமானோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்பவர்கள் என்பது நாம் கவனிக்க வேண்டியதொன்றாகும். டிமென்ஷியா செல்வந்த நாடுகளின் நோய் என்ற எண்ணம் பிழையானது.

இலங்கையில் 2012ஆம் ஆண்டு மேற்கொள்ளப்பட்ட குடிசன மதிப்பீட்டின்போது அறுபது வயதுக்கு மேற்பட்டோர் சனத்தொகையில் 12.4 வீதமாக இருந்தனர். 2040ஆம் ஆண்டுக்குப் பின்னர் நால்வரில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டியவராக இருப்பார் என எதிர்பார்க்கப்படுகின்றது. ராகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்டோரிடையே மேற்கொள்ளப்பட்டு 2003ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வொன்று, அவர்களில் ஏறத்தாழ 4 வீதமானோருக்கு டிமென்ஷியா இருந்ததைக் கண்டறிந்தது. அதாவது, அவ்வயதினர் இருபத்தைந்து பேரில் ஒருவர். எமது கிராமத்தின் முதியோர் சங்கக் கூட்டத்திலோ கோயில் திருவிழாவிலோ இருபத்தைந்து முதியவர்கள் கூடியிருந்தால், அவர்களில் ஒருவருக்கு இந்நிலை இருக்கக்கூடும் என்பதே இதன் பொருளாகும். அவருக்கோ அவரது குடும்பத்தினருக்கோ அது தெரிந்திருக்கிறதா என்பது வேறு விடயம். டிமென்ஷியாவுடன் வாழ்வோரில் முக்கால் பங்கினர் நோய் கண்டறியப்படாமலேயே வாழ்கின்றனர் என 2011ஆம் ஆண்டின் உலக அல்சைமர் அறிக்கை மதிப்பிட்டிருந்தது.

வைத்திய உலகமும் செய்த தவறு

முதுமையையும் நோயையும் ஒன்றெனக் கருதும் தவறைப் பொதுமக்கள் மாத்திரம் செய்யவில்லை. வைத்திய உலகமும் அரை நூற்றாண்டுக்கு மேலாக அதனையே செய்தது.

1901ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரிலிருந்த மனநோய் வைத்தியசாலையில் ஔகுஸ்ட டீட்டர் என்ற 51 வயதுப் பெண் அனுமதிக்கப்பட்டார். அவருக்கு ஞாபக மறதியும், கணவன் மீது காரணமற்ற சந்தேகமும், மனக்குழப்பமும் ஏற்பட்டிருந்தன. தமது பெயரை எழுதுமாறு கேட்கப்பட்டபோது அதனை முழுமையாக எழுத அவரால் இயலவில்லை. அவரைப் பரிசோதித்த வைத்தியரே அலொய்ஸ் அல்சைமர் ஆவார். 1906ஆம் ஆண்டு அப்பெண் இறந்தபின் அவரது மூளையை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்த அல்சைமர், நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளையும் கலங்களுக்குள்ளே சிக்கலான இழை முடிச்சுகளையும் கண்டார். அவ்வாண்டு நவம்பர் 3ஆம் திகதி டூபிங்கன் நகரில் நடைபெற்ற வைத்தியர்களின் மாநாட்டில் அவர் இதனை எடுத்துரைத்தபோது சபையினர் அதற்குப் பெரிதாக முக்கியத்துவம் அளிக்கவில்லை. 1910ஆம் ஆண்டு எமில் கிரெப்பலின் என்ற மனநோய் நிபுணர் தமது பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

முதல் நோயாளி நடுத்தர வயதினராக இருந்தமையால், அல்சைமர் என்பது ஐம்பது வயதளவில் சிலருக்கு மாத்திரம் ஏற்படும் அரிய நோய் எனவும், எழுபது எண்பது வயதினருக்கு ஏற்படும் மறதி முதுமையின் விளைவு எனவும் நீண்ட காலம் கருதப்பட்டது. 1960களில் முதியோரின் மூளைகளை ஆராய்ந்த பிரித்தானிய ஆய்வாளர்கள், அங்கும் அதே படிவுகளும் முடிச்சுகளும் இருப்பதைக் காட்டினர். 1976ஆம் ஆண்டு அமெரிக்க நரம்பியல் நிபுணர் ரொபேர்ட் காட்ஸ்மன், இவை இரண்டும் ஒரே நோய்தான் என வலியுறுத்தினார். அதன் பின்னரே முதியோரின் மறதி ஆராயப்பட வேண்டிய ஒரு நோயாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. வைத்திய உலகம் கைவிட்ட பழைய எண்ணத்தை எமது இல்லங்கள் இன்னமும் கைவிடவில்லை.

மூளையில் நிகழ்வது என்ன?

அல்சைமர் கண்ட படிவுகள் அமிலோயிட் எனும் புரதத்தாலானவை. முடிச்சுகள் டௌ எனும் மற்றொரு புரதத்தாலானவை. இவை பெருகும்போது நரம்புக் கலங்களுக்கிடையிலான தொடர்பு துண்டிக்கப்பட்டு, கலங்கள் படிப்படியாக அழிகின்றன. புதிய அனுபவங்களை ஞாபகமாகப் பதிந்து வைக்கும் ஹிப்போகம்பஸ் எனும் மூளைப்பகுதி ஆரம்பத்திலேயே பாதிப்புக்குள்ளாகின்றது. இதனாலேயே, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் படித்த பாடசாலையையும் ஆசிரியர்களையும் பிழையின்றிக் கூறும் முதியவர், இன்று காலை உணவருந்தியதை மறந்து விடுகின்றார். “பழைய கதையெல்லாம் நன்றாகச் சொல்கிறாரே, அவருக்கு எப்படி மறதி நோய் இருக்க முடியும்?” என உறவினர்கள் ஏமாறுவதும் இதனாலேயே.

இப்புரதங்கள் மூளையில் சேரத் தொடங்குவது அறிகுறிகள் தோன்றுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்னரேயாகும். எழுபத்தைந்து வயதில் மறதி வெளிப்படும் ஒருவருக்கு நோய் ஐம்பத்தைந்து வயதளவில் ஆரம்பித்திருக்கக்கூடும். அறுபத்தைந்து வயதுக்குப் பின்னர் ஏறத்தாழ ஒவ்வோர் ஐந்து ஆண்டுக்கும் இந்நோய் ஏற்படும் வாய்ப்பு இருமடங்காகின்றது. எனினும், தொண்ணூறு வயதிலும் தெளிந்த சிந்தையுடன் வாழ்வோர் பலர் எம் மத்தியில் உள்ளனர். முதுமை இந்நோய்க்கான வாய்ப்பை அதிகரிக்கின்றதேயன்றி, முதுமையே நோயாகிவிடுவதில்லை.

பெற்றோருக்கு இந்நோய் இருந்தால் தமக்கும் நிச்சயம் வரும் எனப் பலர் அஞ்சுகின்றனர். பெற்றோரிடமிருந்து நேரடியாகக் கடத்தப்படும் பரம்பரையலகுக் குறைபாட்டினால் ஏற்படும் அல்சைமர் மொத்த நோயாளிகளில் ஒரு வீதத்துக்கும் குறைவாகும். அது பெரும்பாலும் அறுபத்தைந்து வயதுக்கு முன்னரே தோன்றும். ஏனையோருக்குக் குடும்பத்தில் நோய் இருத்தல் வாய்ப்பை ஓரளவு கூட்டுகின்றதே தவிர, விதியை நிர்ணயிப்பதில்லை.

இயல்பான மறதியும் நோயின் மறதியும்

வயது செல்லச் செல்லச் சிந்தனையின் வேகம் சற்றுக் குறைவது இயல்பே. ஒருவரது பெயர் உடனே நினைவுக்கு வராது போய், சிறிது நேரத்தில் வருவது நோயன்று. திருமண வீடொன்றில் சந்தித்தவரின் பெயரை மறப்பது இயல்பு. அத்திருமணத்துக்குச் சென்று வந்ததையே மறப்பது வைத்தியரிடம் சொல்ல வேண்டிய விடயம். மூக்குக்கண்ணாடியை வைத்த இடத்தை மறந்து தேடி எடுப்பது இயல்பு. அதனை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, யாரோ திருடிவிட்டார்கள் எனக் குற்றஞ்சாட்டுவது கவனிக்கப்பட வேண்டியது.

மறதி மாத்திரமே அறிகுறி எனவும் கொள்ளலாகாது. நன்கு பழகிய சமையலின் ஒழுங்கு தவறுதல், கறிக்கு இருமுறை உப்பிடுதல் அல்லது உப்பிடாதிருத்தல், கடையில் மிச்சப் பணத்தைச் சரிபார்க்க இயலாமை, ஓய்வூதியத்தைப் பெற்று வந்த பின் பணத்துக்கு என்ன ஆயிற்று என அறியாதிருத்தல், நாளையும் கிழமையையும் குழப்பிக்கொள்ளுதல், பேசிக்கொண்டிருக்கையில் சாதாரணச் சொற்கள் வராது தடுமாறுதல், வழமையான பஸ் பயணத்தில் தவறான இடத்தில் இறங்குதல் ஆகியன யாவும் ஆரம்ப அறிகுறிகளாக இருக்கலாம். கலகலப்பாகப் பழகியவர் ஒதுங்கியிருத்தல், பத்திரிகை வாசிப்பதை நிறுத்திவிடுதல், காரணமின்றிச் சினங்கொள்ளுதல் போன்ற குணமாற்றங்கள் மறதிக்கு முன்னரே தோன்றுவதும் உண்டு.

இங்கு ஒரு சிக்கல் உள்ளது. நோய்க்குள்ளானவர்களில் பலர் தமக்குக் குறை இருப்பதையே உணர்வதில்லை. அது பிடிவாதமன்று, தன் குறையைத் தானே அறியும் மூளையின் ஆற்றலும் பாதிக்கப்படுவதன் விளைவாகும். ஆகவே, கூட வாழ்பவர்களின் அவதானிப்பே முதற் சாட்சியாகின்றது. பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ, பெற்றோர் இங்கு தனித்து வாழும் குடும்பங்களில் இச்சாட்சியும் இல்லாது போகின்றது. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் தொலைபேசியில் “நாங்கள் சுகம், நீங்கள் சுகமா?” என நலம் விசாரிக்கும் உரையாடலைப் பழக்கத்தின் துணையால் நோயாளி எளிதில் சமாளித்துவிடுவார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் விடுமுறையில் வரும் மகள் சமையலறையைப் பார்த்த பின்னரே உண்மை தெரியவரும். பத்து நிமிட உரையாடலில் நேற்று நடந்தவற்றை விரிவாகச் சொல்லுமாறு கேட்பதும், அயலவர் ஒருவரிடம் இடைக்கிடை விசாரிப்பதும் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் செய்யக்கூடியவை.

முன்கூட்டியே அறிவதால் பயன் என்ன?

முதலாவது பயன், மறதிக்குக் காரணம் அல்சைமராக இல்லாதிருக்கலாம் என்பதாகும். தைரொயிட் சுரப்புக் குறைவு, பி12 விற்றமின் குறைபாடு, மனச்சோர்வு, குருதியில் சோடியம் குறைதல், தலையில் அடிபட்ட பின் மூளையின் மேற்பரப்பில் மெதுவாகக் குருதி கசிந்து தேங்குதல், மூளையின் உள்ளறைகளில் நீர் தேங்குதல் ஆகியனவும் அல்சைமர் போன்ற அறிகுறிகளைத் தோற்றுவிக்கும். தூக்க மாத்திரைகளும், தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் உட்கொள்ளும் சில மாத்திரைகளும் முதியோரின் ஞாபகத்தைக் குழப்பக்கூடியவை. இவற்றிற் பலவற்றை மாற்றியமைக்க முடியும். மரக்கறி உணவை மாத்திரமே உண்ணும் முதியவர்களுக்கு பி12 குறைபாடு ஏற்படும் வாய்ப்பு அதிகம் என்பதை எமது சமூகத்தவர் சிறப்பாகக் கவனத்திற் கொள்ள வேண்டும். கணவனையோ மனைவியையோ இழந்த முதியவரின் மனச்சோர்வும், போரினாலும் இடப்பெயர்வினாலும் ஏற்பட்ட மனவடுக்களும் மறதியாக வெளிப்படலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. சிகிச்சையால் தீரக்கூடிய ஒன்றை “வயது” எனக் கூறி விட்டுவிடுவதைப் போன்ற அநியாயம் வேறில்லை.

கேட்டற் குறைபாட்டையும் இங்கு குறிப்பிட வேண்டும். சொன்னது காதில் சரியாக விழாதவர் அதனை நினைவில் வைத்திருக்க முடியாது. ஆகவே, காதும் கண்ணும் பரிசோதிக்கப்படாமல் ஒருவரது ஞாபகசக்தியைக் குறித்து முடிவு கட்டலாகாது.

இரண்டாவது பயன், கிடைக்கக்கூடிய சிகிச்சையும் பராமரிப்பும் ஆரம்பக் கட்டத்தில் தொடங்கப்படலாம் என்பதாகும். இதனைப் பின்னர் விரிவாக நோக்குவோம்.

மூன்றாவது பயனே மிக முக்கியமானது. நோயாளி தமது வாழ்வு குறித்துத் தாமே பேசுவதற்குக் காலம் கிடைக்கின்றது. தமது வீட்டையும் காணியையும் யாருக்கு எவ்வாறு கொடுப்பது, வங்கிக் கணக்கை யார் கவனிப்பது, பின்னாளில் எங்கே, யாருடன் வாழ விரும்புகிறார், எத்தகைய சிகிச்சையை ஏற்பார், எதனை ஏற்கமாட்டார் என்பனவற்றை அவரே சொல்லலாம். மரண சாசனம் செல்லுபடியாவதற்கு அதனை எழுதுபவர் தெளிந்த மனநிலையில் இருத்தல் அவசியம். நோய் முற்றிய பின் எழுதப்படும் ஆவணங்கள் பிள்ளைகளிடையே வழக்குகளாக மாறி, சகோதரர்களைப் பிரித்த கதைகள் எமது ஊர்களில் குறைவல்ல. ஆரம்பக் கட்டத்திலேயே சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையுடன் இவற்றை ஒழுங்கு செய்துகொள்வது நோயாளியின் விருப்பத்தையும் குடும்பத்தின் ஒற்றுமையையும் காப்பதாகும்.

அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ரொனால்ட் றீகன், 1994ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தமக்கு அல்சைமர் நோய் இருப்பதைத் தம் கைப்பட எழுதிய கடிதமொன்றின் மூலம் நாட்டு மக்களுக்கு அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 83. அதன் பின் அவர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வாழ்ந்து 2004ஆம் ஆண்டு மறைந்தார். அவரது அரசியலை ஏற்பவரும் ஏற்காதவரும் உண்டு. ஆயினும், தமது நோயைத் தாமே அறிவிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தமைக்கு அது உரிய காலத்தில் கண்டறியப்பட்டமையே காரணமாகும். எமது நாட்டில் பெரும்பாலும் வைத்தியர் மகனைத் தனியே அழைத்து விடயத்தைச் சொல்ல, மகன் அதனை வீட்டாருக்குச் சொல்ல, உரியவருக்கு மாத்திரம் எவரும் சொல்வதில்லை. அவர் மனமுடைந்து விடுவார் என்ற அச்சம் இதற்குக் காரணமாகும். அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால், தமக்கு ஏதோ நேர்ந்துகொண்டிருக்கிறது என்பதை அவர் உள்ளூர உணர்ந்து, யாரிடமும் சொல்லாது தனியே அஞ்சிக்கொண்டிருக்கலாம். விரும்பிக் கேட்பவருக்கு உண்மையை மென்மையாகச் சொல்வது அந்தத் தனிமையைப் போக்கும்.

நோய் கண்டறியப்படும் முறை

ஒரேயொரு பரிசோதனையால் அல்சைமர் நோய் தீர்மானிக்கப்படுவதில்லை. முதலில் நோயாளியிடமும் உடன் வாழ்பவரிடமும் வைத்தியர் விபரமாக விசாரிப்பார். மறதி எப்போது தொடங்கியது, படிப்படியாகவா திடீரெனவா, எந்த அலுவல்கள் பாதிக்கப்பட்டுள்ளன என்பன முக்கியமானவை. இரண்டு மூன்று நாட்களுக்குள் திடீரெனத் தோன்றும் குழப்பம் பெரும்பாலும் கிருமித் தொற்றினாலோ மருந்தினாலோ ஏற்படுவது. அது உடனடியாகக் கவனிக்கப்பட வேண்டியது. பின்னர் திகதி, இடம், சொற்களை நினைவிற் கொள்ளல், எளிய கழித்தல், கடிகாரத்தின் முகத்தை வரைதல் போன்றவற்றைக் கொண்ட சிறு சோதனை நடத்தப்படும். குருதிப் பரிசோதனைகளும், தேவைக்கேற்ப மூளையின் சி.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கானும் மேற்கொள்ளப்படும்.

இச்சோதனைகளின் புள்ளிகள் ஒருவரது கல்வியிலும் மொழியிலும் தங்கியுள்ளன. பாடசாலைக்குச் செல்லாத தோட்டத் தொழிலாளியான ஒரு தாய், கழித்தற் கணக்கில் தவறுவதால் நோயாளியாகிவிட மாட்டார். தமிழ் மாத்திரமே அறிந்த முதியவரிடம் வேற்று மொழியில் வினவப்பட்டால் அவர் தடுமாறுவது இயல்பு. மறுபுறத்தில், நன்கு கற்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆரம்பக் கட்ட நோயுடனும் முழுப் புள்ளிகளை அண்மிக்கக்கூடும். ஆகவே, முதியவரின் மொழியை அறிந்த, அவரது முன்னைய இயல்பை அறிந்த ஒருவர் உடன் செல்வது அவசியமாகும். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்வதும், கவனித்த மாற்றங்களைத் திகதியுடன் ஒரு தாளில் எழுதிச் செல்வதும் வைத்தியருக்குப் பேருதவியாக இருக்கும்.

அண்மைக் காலத்தில் குருதிப் பரிசோதனை மூலம் மூளையிலுள்ள அமிலோயிட், டௌ மாற்றங்களை ஊகித்தறியும் முறை வளர்ச்சியடைந்துள்ளது. 2025ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய குருதிப் பரிசோதனை ஒன்றுக்கு முதன்முறையாக அனுமதி வழங்கியது. அது அறிகுறிகள் உள்ள 55 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. அறிகுறியற்றோர் அச்சத்தின் காரணமாகச் செய்துகொள்வதற்கானதன்று.

மருந்துகள் எதுவரை உதவும்?

ஞாபகத்துக்கு இன்றியமையாத அசிற்றைல்கோலின் எனும் இரசாயனப் பொருள் அல்சைமர் நோயில் குறைகின்றது. அது சிதைவதைத் தடுக்கும் டொனெபெசில், ரிவஸ்டிக்மின், கலன்டமின் ஆகிய மருந்துகள் 1996 முதல் 2001 வரையான காலத்தில் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. வேறு விதமாகத் தொழிற்படும் மெமன்டின், நடுக்கட்டத்திலும் முற்றிய கட்டத்திலும் பயன்படுத்தப்படுகின்றது. இம்மருந்துகள் நோயின் போக்கை நிறுத்துவதில்லை. சிலருக்கு ஞாபகத்தையும் அன்றாட ஆற்றலையும் சில மாதங்களுக்கோ அதற்குச் சற்று மேலாகவோ தக்கவைக்க உதவுகின்றன. சிலருக்குப் பயனளிப்பதில்லை. குமட்டல், வயிற்றோட்டம், இதயத் துடிப்பு மந்தமாதல் போன்ற பக்கவிளைவுகள் ஏற்படலாம். ஆகவே, வைத்தியரின் கண்காணிப்பு அவசியமாகும்.

அமிலோயிட் படிவை அகற்றும் லெக்கனெமாப் எனும் மருந்து 2023ஆம் ஆண்டிலும், டொனனெமாப் 2024ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டன. லெக்கனெமாப் பெற்றவர்களுக்குப் பதினெட்டு மாத காலத்தில் நோய் முன்னேறிய வேகம் 27 வீதம் குறைந்திருந்தது. கேட்பதற்கு இது பெரிதாகத் தோன்றினும், 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் வேறுபாடு அரைப் புள்ளிக்கும் குறைவாகும். மூளையில் வீக்கமோ சிறு குருதிக் கசிவோ ஏற்படும் ஆபத்தும் உண்டு. அறிமுகமானபோது லெக்கனெமாப் மருந்தின் விலை ஆண்டொன்றுக்கு 26,500 அமெரிக்க டொலராக அறிவிக்கப்பட்டது. எமது மக்களுக்கு இவை எட்டக்கூடியவையல்ல. ஆயினும், இவை ஆரம்பக் கட்ட நோயாளிகளுக்கு மாத்திரமே வழங்கப்படுகின்றன. எதிர்காலத்தில் இவற்றிலும் சிறந்த, மலிவான மருந்து வருமாயின் அதுவும் நோயை முன்கூட்டியே அறிந்தவர்களுக்கே பயன்படும்.

ஞாபகசக்தியை மீட்டுத் தருவதாக விளம்பரப்படுத்தப்படும் பொருட்கள் குறித்து எச்சரிக்கை தேவை. ஜிங்கோ எனும் மூலிகைச் சாற்றை அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியோரிடம் பல ஆண்டுகள் பரிசோதித்த ஆய்வின் முடிவு 2008ஆம் ஆண்டு வெளியானது. அது டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை. வல்லாரைச் சம்பல் நல்ல உணவே. ஆனால், அல்சைமர் நோயைக் குணப்படுத்தும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. அதனை நம்பிப் பரிசோதனையைப் பிற்போடுவதே தீங்கானது.

வீடே பிரதான சிகிச்சைக் கூடம்

மருந்தைக் காட்டிலும் நோயாளியின் நாளாந்த வாழ்வைத் தீர்மானிப்பது வீட்டுச் சூழலாகும். எழுதல், நீராடல், உணவு, உறக்கம் ஆகியன தினமும் ஒரே ஒழுங்கில் நிகழ்வது குழப்பத்தைக் குறைக்கும். பெரிய எழுத்தில் நாட்காட்டி, இரவில் மலசலகூடத்துக்குச் செல்லும் வழியில் வெளிச்சம், சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய அட்டை என்பன செலவற்ற ஏற்பாடுகள். பூக் கொய்தல், காய்கறி நறுக்குதல், துணி மடித்தல் போன்று அவரால் இயன்ற வேலைகளைப் பறித்துக்கொள்ளாது அவரிடமே விட்டுவிட வேண்டும். நடைப்பயிற்சியும் நான்கு பேருடன் உரையாடலும் அவசியமானவை.

அவர் தவறாகச் சொல்லும்போது வாதிட்டுத் திருத்துவதால் எப்பயனும் இல்லை. அந்தி நேரத்தில் “வீட்டுக்குப் போக வேண்டும்” என நோயாளிகள் வற்புறுத்துவது உலகெங்கும் காணப்படும் ஒன்று. இடம்பெயர்ந்து வாழும் எமது முதியவர் ஒருவர் கேட்கும் அந்த வீடு இன்று இல்லாத வீடாக இருக்கலாம். “அந்த வீடு உடைந்து போய்விட்டதே” எனச் சொன்னால் அவர் அந்த இழப்பை முதன்முறை கேட்பவர் போல் அழுவார், மறுநாளும் கேட்பார். முற்றத்து மரத்தைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் சொல்லச் சொல்லிக் கேட்டு, சிறிது தூரம் கூட நடந்து வந்தால் மனம் அமைதியடையக்கூடும்.

நோயாளி சினங்கொண்டாலோ இரவில் உறங்காவிட்டாலோ தூக்க மருந்தையும் மனநோய் மருந்தையும் தாமாக வாங்கிக் கொடுப்பது ஆபத்தானது. டிமென்ஷியா உள்ள முதியோருக்கு மனநோய் மருந்துகள் மரண ஆபத்தை அதிகரிக்கின்றன என 2005ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று போன்ற சொல்லத் தெரியாத உபாதையே பல வேளைகளில் சினத்துக்குக் காரணமாகும்.

பராமரிக்கும் சுமை பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் ஆகிய பெண்களில் ஒருவர் மீதே விழுகின்றது. பல ஆண்டுகள் நீடிக்கும் இப்பணியில் அவரது உடல்நலமும் உறக்கமும் கெடுகின்றன. ஏனைய பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு நின்றுவிடாது, ஆண்டில் சில வாரங்களாவது பொறுப்பை ஏற்று அவருக்கு ஓய்வளிக்க வேண்டும்.

தடுத்தலும் தாமதப்படுத்தலும்

2024ஆம் ஆண்டு லான்செட் வைத்திய சஞ்சிகையின் ஆணைக்குழு, மாற்றியமைக்கக்கூடிய பதினான்கு காரணிகளைக் குறிப்பிட்டு, அவற்றை முற்றாக நீக்க முடியுமாயின் உலகில் டிமென்ஷியாவின் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலும் எனத் தெரிவித்தது. உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, உயர் கொலஸ்திரோல், புகைத்தல், அதிக மதுபானம், உடற்பருமன், உடலுழைப்பின்மை, கேட்டல் மற்றும் பார்வைக் குறைபாடுகள், மனச்சோர்வு, தனிமை, தலைக்காயம், வளி மாசடைதல், இளமையில் கல்வியின்மை ஆகியனவே அவை. பின்லாந்தில் 1,260 முதியோரிடையே மேற்கொள்ளப்பட்டு 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, உணவு, உடற்பயிற்சி, மூளைக்கான பயிற்சி, குருதி அமுக்கம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகியவற்றை இரண்டு ஆண்டுகள் ஒருங்கே கடைப்பிடித்தோரின் அறிவாற்றல் மேம்பட்டிருந்ததைக் காட்டியது. நாற்பது வயதில் குருதி அமுக்கத்தைக் கவனிப்பவர் தமது இதயத்தோடு எழுபது வயதில் தமக்குத் தேவைப்படும் ஞாபகத்தையும் காக்கின்றார்.

செய்ய வேண்டியவை

எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமாகக் கிடைப்பது பெரும் பேறாகும். அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ மனநலக் கிளினிக்கிலோ முதற் பரிசோதனையைப் பெற்று, தேவையாயின் நரம்பியல் அல்லது உளநல வைத்திய நிபுணரிடம் செல்லலாம். கொழும்பில் இயங்கும் லங்கா அல்சைமர்ஸ் மன்றம் நோயாளிகளுக்கும் பராமரிப்போருக்கும் உதவி வருகின்றது. இத்தகைய சேவைகள் வடக்கு, கிழக்கு, மலையகப் பகுதிகளில் தமிழ்மொழி மூலம் விரிவாக்கப்படுதல் வேண்டும். மனநலக் கிளினிக்குக்குச் செல்வதை இழுக்காகக் கருதும் மனப்பாங்கும் மாற வேண்டும்.

நீரிழிவு, குருதி அமுக்கக் கிளினிக்குகளுக்கு மாதந்தோறும் செல்லும் முதியோர் ஆயிரக்கணக்கானோர். அங்கு குருதி அமுக்கத்தை அளவிடுகையில், “அண்மையில் மறதி கூடியுள்ளதா? மருந்துகளை நீங்களே எடுத்துக்கொள்கிறீர்களா?” என முதியவரிடமும் உடன் வந்தவரிடமும் கேட்பதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. கிராமந்தோறும் உள்ள முதியோர் சங்கங்களும் இதில் பங்காற்ற முடியும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகளுக்கு விதித்துள்ளது. அவர்களது மாற்றத்தை உரிய வேளையில் கவனிப்பதும் அக்கடமையின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட வேண்டும்.

குணப்படுத்த முடியாத நோயை முன்கூட்டியே அறிந்து ஆகப்போவது என்ன என்ற கேள்விக்கு இனி விடை கூறலாம். அது குணப்படுத்தக்கூடிய வேறொன்றாக இருக்கலாம். அல்சைமராகவே இருப்பினும், எம் தந்தையோ தாயோ தமக்கு என்ன வேண்டும் என்பதைத் தம் வாயாலேயே சொல்வதற்கு இன்னும் சில ஆண்டுகள் மீதமிருக்கும். அந்த ஆண்டுகள் அவர்களுக்கு உரியவை. “வயது போனால் மறதி வரத்தானே செய்யும்” என்ற வார்த்தை அடுத்த முறை எமது வாயில் வரும்போது, வைத்தியசாலைக்குச் செல்வதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்வோமாக.